தார் டப்பாவுக்குள் அட்வாட்டர் கென்ட்

அட்வாட்டர் கென்ட் மாடல் 40 ஒருவழியாகப் பாடிவிட்டது. 1928இல் ஃபிலடெல்ஃபியாவில் செய்த ரேடியோப் பெட்டி; ஏழு வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்); பேட்டரி இல்லாமல் நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. இந்த வேலையில் பெரும்பகுதி ரேடியோ வேலையே இல்லை, தார் அள்ளுகிற வேலை. இதே மாடலை மேசைமேல் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று முழிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். தத்துவம் அதிகம் இருக்காது.

பெட்டி கிடைத்தது பென்சில்வேனியாவின் குட்ஸ்டவுனில் கூடும் பழைய ரேடியோ சந்தையில். 40 டாலர். அங்கே மரப்பலகைமேல் பாகங்களைத் திறந்தபடி பொருத்திய, 1923 காலத்து அட்வாட்டர் கென்ட் செட்டுகளும் இருந்தன. சேகரிப்பவர்கள் ‘பிரெட்போர்டு’ என்று கொண்டாடுவது அவற்றைத்தான். அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம். மாடல் 40ஐ யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் தகர டிரங்குப் பெட்டி மாதிரிதான் இருக்கும். எனக்கு அதுதான் வசதி. ஏராளமாகச் செய்து விற்ற மாடலுக்குத்தான் வால்வும் பாகமும் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கும்.

மூடியைத் தூக்கியதும் கண்ணில் பட்டவை: 26 என்ற எண்ணுள்ள வால்வுகள் நான்கு, நான்கிலும் ஃபிலமென்ட் (உள்ளே சூடேறும் கம்பி) நல்ல நிலையில். ஸ்பீக்கரை இயக்கும் 71-ஏ என்கிற அவுட்புட் வால்வு இருந்தது, ஆனால் ஓப்பன், அதாவது உள்ளே கம்பி அறுந்தது. 27ம், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரான 80ம் இல்லவே இல்லை. துணி சுற்றிய மின்கம்பி தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் ட்யூனிங் கண்டென்சர்களை இணைக்கும் உலோகப் பட்டைகளில் ஒன்று அறுந்து உள்ளே கிடந்தது. மூடியின் உட்புறம் லேசான துரு. ஒரு பக்கத்தில் கனமான கறுப்பு இரும்பு டப்பா. அதுதான் பவர் பேக், வீட்டு மின்சாரத்தை வால்வுகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பகுதி.

இந்த வயதுப் பெட்டியை வாங்கி வந்தவுடன் பிளக்கில் சொருகுவது தற்கொலைக்குச் சமம், பெட்டிக்கும் சில சமயம் ஆளுக்கும். எனவே முதலில் மீட்டர். பவர் பேக்கின் மேலே உள்ள முனைகளில் ஒவ்வொன்றாக அளந்தேன். மெயின் பக்கச் சுற்று 6 ஓம். உயர் மின்னழுத்தச் சுற்றின் இரண்டு பாதிகளும் ஏறக்குறைய சமம். சோக்குகள் (இரும்பின்மேல் சுற்றிய கம்பிச்சுருள்கள்) மூன்றும் அறுபடவில்லை என்று மீட்டர் காட்டியது. மகிழ்ச்சி அதோடு முடிந்தது. வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் போகும் பி பிளஸ் முனையிலிருந்து டப்பாவின் உடலுக்கு 1.2 கிலோ ஓம் காட்டியது. அங்கே மெகா ஓம் கணக்கில் வந்திருக்க வேண்டும். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டென்சர்கள் போய்விட்டன என்று அர்த்தம்.

அடுத்தது சீரிஸ் பல்ப். 40 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு, எல்லா வால்வையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். பல்ப் ஒரு கணம் மின்னி, பிறகு அணையும் அளவுக்கு மங்கியது. ட்ரான்ஸ்பார்மருக்குள் ஷார்ட் இல்லை. அப்படியே அரை மணி நேரம் விட்டேன், டப்பா சூடாகவில்லை. 80 வால்வை வாங்கிச் சொருகியபோது பல்ப் முழுப் பிரகாசத்தில் எரிந்தது. கண்டென்சர் ஷார்ட் என்பது உறுதி. ட்ரான்ஸ்பார்மர் தப்பித்தது என்பதே பெரிய விஷயம். அது போயிருந்தால் இந்தப் பெட்டியை அடுத்த சந்தையில் பாகத்துக்கு விற்றிருப்பேன்.

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு அண்ணனைக் கூப்பிட்டேன். வால்வு ரேடியோ காலத்திலேயே கை பழகியவர். “தம்பி, அந்தத் தாரோட மல்லுக்கட்டாதீங்க. பழசை வெட்டி விட்டுட்டு, அடியில புதுசா ரெண்டு கண்டென்சரைத் தொங்க விட்டு முடிங்க” என்றார். பத்தில் ஒன்பது பழைய ரேடியோக்களுக்கு இதுதான் சரியான வழி. இந்தப் பெட்டியில் செல்லுபடியாகாது. கண்டென்சர்களின் ஒயரும் சோக்குகளின் ஒயரும் ஒன்றுசேர்வது தாருக்கு அடியில். மேலே வருவது சேர்ந்த ஒயர் மட்டும். கெட்டதை வெட்ட வேண்டுமென்றாலும் தாரைத் தோண்டித்தான் ஆக வேண்டும். ட்ரான்ஸ்பார்மர், இரண்டு ஃபில்டர் சோக், ஸ்பீக்கருக்கான சோக், கண்டென்சர் கட்டு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடுக்கி, விளிம்புவரை தார் ஊற்றி உறையவைத்திருக்கிறார்கள். இனி இதை யாரும் திறக்கப்போவதில்லை என்ற தீர்மானம் அதில் தெரிகிறது.

ஒரு ரேடியோவுக்கு இத்தனை தார் எதற்கு? கென்ட் எந்தத் தொழிலிலிருந்து ரேடியோவுக்கு வந்தார் என்று பார்த்தால் ஓரளவு புரிகிறது. ஆர்தர் அட்வாட்டர் கென்ட் 1873இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் பிறந்தவர். வூஸ்டர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1902இல் ஃபிலடெல்ஃபியாவில் பட்டறை போட்டார். சின்ன மின்னளவிகள், கட்டடத்துக்குள் பேசும் தொலைபேசிகள் என்று தொடங்கி, கார் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷனில் கால் பதித்தார். அதுவரை வந்த காயில்கள் ஒவ்வொரு முறையும் பொறிகளைக் கொத்தாகச் சிதறடிக்கும். சரியான கணத்தில் ஒரே ஒரு பலமான பொறி போதும் என்பது அவருடைய ‘யூனிஸ்பார்க்கர்’. அதற்காக 1914இல் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் வழியாக ஜான் ஸ்காட் பதக்கமும் கிடைத்தது. கார் பானட்டுக்குள் இருக்கும் மின்பொருள் மழை, சேறு, சூடு, அதிர்வு எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் வார்ப்பது, காயிலை அடைத்து மூடுவது எல்லாம் அவருடைய தொழிற்சாலைக்குக் கைவந்த கலை. 1920களின் தொடக்கத்தில் ரேடியோ மோகம் கிளம்பியபோது அச்சும் ஆளும் தயாராக இருந்தன. முதலில் தனித்தனிப் பாகங்கள், பிறகு பலகைமேல் பொருத்திய செட்டுகள், அப்புறம் பெட்டிகள். வரவேற்பறையில் அசையாமல் உட்காரும் ரேடியோவைக்கூட அவர் சேற்றில் ஓடும் காருக்குச் செய்வதுபோலவே செய்தார் என்பது என் ஊகம். டப்பாவைத் திறக்க ஆரம்பித்த பிறகு ஊகம் இன்னும் பலப்பட்டது.

முதலில் ஹீட் கன் எடுத்தேன். வேலைக்கு ஆகவில்லை. மேலே கால் அங்குலம் உருகிக் குழம்பாகும், அடியில் கல். சூட்டைக் கூட்டினால் மேற்பரப்பு புகையும். அந்தப் புகை தொண்டையைப் பிடித்தால் அன்றைக்கு முழுக்க விடாது. பழைய திருப்புளியால் கிளறினால் துணி சுற்றிய ஒயரும் கூடவே வரும் என்ற பயம். இரண்டு ஒயரின் உறை பிய்ந்ததும் நிறுத்திவிட்டேன்.

பிறகு கொல்லைப்புறத்தில் கறி வாட்டும் கேஸ் கிரில். அதுதான் கைகொடுத்தது. சூடு ஒரே சீராக, மெதுவாக, டப்பாவின் உள்வரை போக வேண்டும் என்பதுதான் விஷயம். டப்பாவை இரண்டு செங்கல்மேல் கவிழ்த்து, கீழே அலுமினியத் தட்டு. ஒரு பக்க பர்னரை மட்டும் சிறு தீயில் வைத்து, டப்பாவை மறுபக்கம் வைத்தேன், நேர்த்தீ படவே கூடாது. அடுப்புக்கான தெர்மாமீட்டரைப் பக்கத்தில் நிறுத்தி 110இலிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கு மேலே போனால் ட்ரான்ஸ்பார்மரின் காகித இன்சுலேஷனுக்கு ஆபத்து. முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு நூல் இறங்கியது. அது தடித்தது. கடைசியில் மொத்தமும் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு தட்டில் சரிந்தது. தடித்த தோல் கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். உருகிய தார் தோலில் ஒட்டினால் துடைக்க முடியாது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. எங்கள் தெருவில் யாரோ சாலை போடுகிறார்கள் என்று இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

முழுத் தாரையும் வடிக்க வேண்டியதில்லை. ட்ரான்ஸ்பார்மரைச் சுற்றியிருந்ததை அப்படியே விட்டேன். கண்டென்சர் கட்டு இளகியதும் இடுக்கியால் மெல்ல இழுத்து எடுத்தேன். மெழுகு ஊறிய காகிதமும் ஈயநிறத் தகடும் சேர்த்துச் சுற்றிய சுருள்கள், ஒவ்வொன்றும் தடித்த புத்தகம் அளவு. ஒரு ஓரத்தில் காகிதம் கருகி, ஆணி முனை அளவுக்கு ஓட்டை. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் தாரில் கிடந்த பொருளைச் செயலிழக்கச் செய்ய அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

புது கண்டென்சர்கள் எல்லாம் 630 வோல்ட் ஃபிலிம் வகை. முதல் ஃபில்டருக்கு 2.2 மைக்ரோஃபாரட், அடுத்தவற்றுக்கு 4.7. 80 வால்வுக்கு அடுத்தாற்போல் பெரிய மதிப்பைப் போட்டால் தொடங்கும்போது வால்வுக்குச் சுமை கூடும். அதனால் முதல் கண்டென்சரைச் சிறியதாகவே வைத்தேன். ஸ்பீக்கருக்குப் போகும் கண்டென்சரும் இதே டப்பாவுக்குள் இருப்பதால் அதையும் மாற்றினேன். அதை மறந்தால், என்றைக்காவது அது ஷார்ட் ஆகும்போது அவுட்புட் வால்வின் டிசி முழுக்க ஸ்பீக்கர் காயிலில் பாயும். அந்தக் காயிலை மறுபடி சுற்ற ஆள் தேட வேண்டும். மெல்லிய ஃபைபர் அட்டையில் எல்லாவற்றையும் பற்றவைத்து, துணி உறை ஒயரில் முனைகளை எடுத்து, டப்பாவுக்குள் இறக்கினேன். புது கண்டென்சர்கள் பழைய இடத்தில் கால்வாசியைக்கூட நிரப்பவில்லை. மீதி இடத்தை மரச் சக்கையால் அடைத்தேன். தார் வேண்டாம் என்று முடிவு.

அந்த முடிவு நிலைக்கவில்லை. மின்சாரம் கொடுத்ததும் டப்பா ‘ர்ர்ர்’ என்று அதிர்ந்தது. ஸ்பீக்கரில் வரும் ஹம் (மின்சார ரீங்காரம்) வேறு; இது இரும்பே அதிரும் சத்தம், மேசைமேல் கைவைத்தால் தெரிந்தது. சோக்குகளின் இரும்புத் தகடுகளை இதுவரை இறுக்கிப் பிடித்திருந்தது தார். மரச் சக்கையை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. ஈரத்தைத் தடுக்கத்தான் தார் என்று நினைத்திருந்தேன். அது சூட்டை டப்பாவின் உடலுக்குக் கடத்துகிறது, அதிர்வை அடக்குகிறது, ஒயர்களை அசையாமல் பிடிக்கிறது. ஒரே பொருளில் மூன்று வேலை. பழைய தாரையே பழைய காப்பி டின்னில் உருக்கி, சோக்குகள் மூழ்கும்வரை ஊற்றினேன். புது கண்டென்சர்கள்மேல் சூடு படக்கூடாது என்பதால் அட்டைத் தடுப்பு வைத்து அந்தப் பகுதியை மட்டும் காலியாக விட்டேன். ஆறியபின் மின்சாரம் கொடுத்தால் டப்பா ஊமை.

ட்ரான்ஸ்பார்மர் 110 வோல்ட் காலத்துப் பொருள். என் வீட்டுச் சுவரில் வருவது 122. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும்; 26 வால்வின் 1.5 வோல்ட் ஃபிலமென்ட்டுக்கு அது சின்னது இல்லை. 12.6 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் ஒன்றை எதிர்த்திசையில் தொடராக இணைத்தால் 109 வோல்ட்டுக்கு இறங்குகிறது. திசை மாறினால் கூடிவிடும். பெட்டியை மாட்டுவதற்கு முன் மீட்டரில் பார்த்துவிடுங்கள். கூடவே 1 ஆம்பியர் ஃபியூஸ்.

அடுத்த கோளாறு ஆடியோ ட்ரான்ஸ்பார்மரில். ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டர் வால்வுக்கு அடுத்த முதல் ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரி (உள்ளே வாங்கும் சுருள்) ஓப்பன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. பச்சை பூத்து எங்கோ அறுந்திருக்கும். இந்தக் காலத்துச் செட்டுகளில் சர்வசாதாரணம். செலவைக் குறைக்க, பிரைமரிக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரும் 0.02 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் போட்டு, வெளியே கொடுக்கும் சுருளான செகண்டரியை மட்டும், அடுத்த வால்வின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) சோக்காகப் பயன்படுத்தினேன். பாட்டு வந்தது, பலமில்லை. ட்ரான்ஸ்பார்மர் தரும் மூன்று மடங்கு ஏற்றம் இல்லாமல் இந்தச் சுற்று நொண்டுகிறது. கடைசியில் 3:1 விகிதத்தில் புது இடைநிலை ட்ரான்ஸ்பார்மர் 32 டாலருக்கு வாங்கி, பழைய தகர உறைக்குள் நுழைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டிடெக்டரின் ‘கிரிட் லீக்’ எனும் 2 மெகா ஓம் ரெசிஸ்டர் 3.6 மெகா ஓமுக்கு ஏறியிருந்தது, அதையும் மாற்றினேன்.

ரேடியோ அலை பகுதியில் கைவைக்க வேண்டிய தேவை அதிகம் வரவில்லை. முதல் 26 வால்வு ட்யூன் செய்யாதது. ஏரியலிலிருந்து வருவதை வாங்கிக் கொடுக்கும், அவ்வளவே. அடுத்த மூன்று சுற்றுகளுக்கு மூன்று ட்யூனிங் கண்டென்சர். அந்த வால்வுகளின் கிரிட்டுக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு சிறு ரெசிஸ்டர் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. ட்ரையோட் (மூன்று முனை) வால்வுகளை இப்படி அடுத்தடுத்து வைத்தால் ஊளையிடும். அதை அடக்க ஹேசல்டைன் என்ற பொறியாளரின் நியூட்ரோடைன் முறை இருந்தது, காப்புரிமையோடு. கென்ட் அந்தப் பக்கமே போகாமல், கிரிட்டில் ரெசிஸ்டரைப் போட்டுக் கொஞ்சம் ஏற்றத்தை இழந்து ஊளையை அடக்கினார். நேர்த்தியான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பெட்டியில் அந்த ரெசிஸ்டர்கள் அத்தனையும் நல்ல நிலையில் இருந்தன. நியூட்ரோடைன் செட்டுகளைச் சரிக்கட்டி அலுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்று கண்டென்சர்களும் ஒரே திருகில் சுற்றுவதற்கு உலோகப் பட்டைகள். அறுந்துபோனதற்குப் பதில் 0.1 மில்லிமீட்டர் ஃபாஸ்பர் பிரான்ஸ் தகட்டில் கீற்று வெட்டினேன். கத்தரிக்கோலால் வெட்டினால் தகடு சுருண்டுகொள்ளும். எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கூர்மையான கத்தியால் லேசாகப் பலமுறை கீறி, மடக்கி உடைத்தால் நேராக வரும். ஓரத்தை நைஸ் எமரியால் தேய்த்துவிடுங்கள், பிசிறு இருந்தால் அங்கிருந்துதான் மறுபடி அறும். முனையை மடித்துத் துளையிட்டு, பழைய பட்டையின் நீளத்துக்கே கொண்டுவந்தேன். சக்கரங்களின் திருகைத் தளர்த்தி, சிக்னல் ஜெனரேட்டரில் 1400 கிலோஹெர்ட்ஸ் வைத்து, ஒவ்வொரு கண்டென்சரையும் மயிரிழை நகர்த்தி ஒலி உச்சத்துக்கு வரும்போது இறுக்கினேன். இறுக்கும்போது நகரும், மறுபடி தளர்த்த வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, வேறு சூட்சுமம் இல்லை.

ஸ்பீக்கரைத் தனியாக வாங்கினேன், 35 டாலர்: அதே கம்பெனியின் மாடல் இ. காந்த வகை. காந்தத்தின் இடைவெளியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. ஒட்டு நாடாவின் பிசின் பக்கத்தால் ஒற்றியெடுத்தேன். ஊதினால் இன்னும் உள்ளே போகும்.

எல்லா வால்வையும் போட்டு, சீரிஸ் பல்போடு ஆரம்பித்து, பிறகு பல்பை எடுத்தேன். அளவுகள்: 26 ஃபிலமென்ட்டில் 1.48 வோல்ட், 27இல் 2.4, 71-ஏயின் வெளியீட்டு முனையான பிளேட்டில் 168, அதன் பயாஸ் (கிரிட்டுக்குத் தரும் எதிர் மின்னழுத்தம்) 38. 71-ஏ பிளேட்டுக்கு 180 வோல்ட் உச்சம் என்பதால் இது பாதுகாப்பான இடம். முதலில் வந்தது ஹம் மட்டும். அது இயல்பு. 26 வால்வில் ஏசி ஓடும் ஃபிலமென்ட்டே நேராக எலக்ட்ரானை உமிழ்வதால் உடனே விழித்துக்கொள்ளும், ஹம்மும் கொஞ்சம் கூடவே வரும். டிடெக்டர் இடத்தில் அந்த ஹம் பொறுக்காது என்பதால்தான் அங்கே 27. அதில் சூடேற்றும் கம்பி தனி, உமிழும் குழாய் தனி. குழாய் சூடேற அரை நிமிஷம் பிடிக்கும். அந்த அரை நிமிஷம் கழித்து 1060 கிலோஹெர்ட்ஸில் ஃபிலடெல்ஃபியாவின் செய்தி நிலையம் கரகரப்பில்லாமல் வந்தது. பேஸ் கிடையாது, ட்ரெபிளும் கிடையாது, நடுக்குரல் மட்டும். ஆனால் பேச்சு அட்சரசுத்தமாகக் கேட்கிறது.

இருட்டிய பிறகு நியூயார்க்கின் 660ஐப் பிடித்தேன். விளையாட்டுப் பேச்சு. 1928 முடிவிலிருந்து அந்த அலைவரிசையில் இருந்த நிலையத்தின் பெயர் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். கென்ட் காசு கொடுத்து நடத்திய ‘அட்வாட்டர் கென்ட் அவர்’ ஞாயிறு இரவுகளில் அங்கிருந்துதான் என்.பி.சி. வானொலி வலைப்பின்னலுக்குப் போனது. மெட்ரோபாலிட்டன் ஆபராப் பாடகர்களைக் கூப்பிட்டுப் பாடவைத்த நிகழ்ச்சி. 1927இலிருந்து இளம் பாடகர்களுக்கு நாடளாவிய குரல் தேர்வும் நடத்தினார். ரேடியோ விற்க வேண்டுமென்றால் கேட்கத் தகுந்ததாக ஏதாவது காற்றில் இருக்க வேண்டுமே. கடைக்காரன் கணக்கு அது. நல்ல பாட்டுக்கு அந்தக் கணக்கு உதவியது என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெளிப்பெட்டிக்கு அதிகம் செய்யவில்லை. துருவை மட்டும் எடுத்துவிட்டுக் கார் மெழுகு பூசினேன். அழுத்து இயந்திரத்தில் உருக்கொடுத்த எஃகுத் தகடு. மரப்பெட்டி செய்ய ஆசாரி வேண்டும், மெருகு காய நாளாகும். தகட்டுக்கு அந்தத் தாமதம் இல்லை. வால்வு நீங்கலாக 77 டாலருக்கு இந்த மாடலை அன்று கென்ட்டால் விற்க முடிந்ததில் தகட்டுக்கும் பங்கு உண்டு. மரம்தான் வேண்டும் என்றவர்களுக்கு ஃபிலடெல்ஃபியாவின் பூலி போன்ற மரச்சாமான் கம்பெனிகள் அலமாரி செய்து, உள்ளே அட்வாட்டர் கென்ட் செட்டை வைத்து விற்றன. விஸ்ஸஹிக்கன் அவென்யூவில் இருந்த தொழிற்சாலை உச்சத்தில் 32 ஏக்கருக்குப் பரவியிருந்தது; 1929இல் 12,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் ரேடியோ.

அதற்கப்புறம் இறக்கம் வேகமாக வந்தது. பங்குச் சந்தை சரிந்தது. மக்கள் வாங்கியவை மேசைமேல் வைக்கும் மலிவான குட்டிப் பெட்டிகள். கென்ட்டும் 1931இல் மாடல் 84 போன்ற வளைவுமுகப்புப் பெட்டிகளைச் செய்தார். நல்ல செட், இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் குறைந்த சரக்கு, குறைந்த லாபம் என்ற ஆட்டத்துக்குள் அவர் முழுசாக இறங்கவில்லை. 1936இல் தொழிற்சாலையை மூடிவிட்டார். யாருக்கும் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவுமில்லை, கதவைச் சாத்திவிட்டார். இந்தத் தார் டப்பாவைத் திறந்து பார்த்தவனுக்கு அந்த முடிவு ஆச்சரியமாக இருக்காது. இப்படி ஊற்றி அடைக்கிற கைக்கு, நாலு கண்டென்சரைத் தகரத் தட்டில் தொங்கவிட்டு விற்க மனம் வராது. அதே சமயம், இரும்பும் தாருமாக இவ்வளவு கனத்தை ஏற்றி வைத்துக்கொண்டு குட்டிப் பெட்டிகளோடு விலையில் போட்டி போட முடியாது என்பதும் டப்பாவைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தெரிகிறது.

பிறகு கலிஃபோர்னியாவின் பெல் ஏர் பக்கம் போய், பெரிய விருந்துகள் கொடுத்துக்கொண்டு வாழ்ந்தார். 1949இல் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில், அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்ததாகச் சொல்லப்படும் பெட்ஸி ராஸின் வீட்டைப் புதுப்பித்ததும் அவர் பணம்தான். ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் காலி செய்த ஏழாவது தெருக் கட்டடத்தை வாங்கி, நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்காகக் கொடுத்தார். நெடுங்காலம் அது அவர் பெயரிலேயே இருந்தது. 2018இல் மூடிவிட்டார்கள், சேகரிப்பு ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. கட்டடத்தில் பெயர் நிற்கவில்லை, சந்தையில் 40 டாலருக்கு நிற்கிறது.

செலவுக் கணக்கு: பெட்டி 40, ஸ்பீக்கர் 35, மூன்று வால்வுக்கு 55 (அதில் 71-ஏ மட்டுமே 25), கண்டென்சர்கள் 14, ஆடியோ ட்ரான்ஸ்பார்மர் 32, பிரான்ஸ் தகடு 11, மின்னழுத்தம் குறைக்கும் ட்ரான்ஸ்பார்மர் 15, துணி ஒயரும் கார்டும் ஃபியூஸும் 20, அலுமினியத் தட்டு 3. மொத்தம் 225 டாலர். விற்றால் 100 வந்தால் அதிகம். கிரில்லின் வலைத்தட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. தார் வாசனை பிடித்துவிட்டதால் வீட்டில் அதைச் சமையலுக்கு அனுமதிக்கவில்லை, புதிது வாங்கியாக வேண்டும்.

இன்னொரு முறை இந்த மாடல் கையில் கிடைத்தால் ஹீட் கன்னைத் தொடவே மாட்டேன், நேராகக் கிரில். தார் இறங்குவதற்கு முன்னால் மேலே உள்ள ஒயர்களுக்கு உலோக வளையத்தில் எண் அடித்துக் கட்டுவேன். காகித அடையாளம் சூட்டில் கழன்று விழுந்து, எந்த ஒயர் எது என்று மீட்டரால் மறுபடி தேட வேண்டியிருந்தது. ஆடியோ ட்ரான்ஸ்பார்மரை ரெசிஸ்டரால் ஏமாற்றாமல் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவேன். பட்டைகளில் ஒன்று அறுந்திருந்தால் மற்றதையும் சேர்த்தே மாற்றுவேன். நான் விட்டுவைத்த பழைய பட்டையில் இப்போது ஒரு மெல்லிய விரிசல் தெரிகிறது; பிரான்ஸ் தகட்டில் இன்னும் ஒரு கீற்றுக்கு இடம் இருக்கிறது.